ஆடியில் கட்டிய மதில்

அஹுன்ட்சிக், மொன்றியல்
04.07.2023

தம்பி இரவிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய். காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வளவில் நீ ஆப்பு அடித்துக் கயிறு கட்டியதைச் சமையலறைச் சன்னலால் பார்த்தேன்.

கடிதத்தைக் கண்டதும் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைக்காதே. உன் மகள் தனுஷாவின் கலியாணத்தன்று, பெண்ணின் சொந்த மாமியாகிய என்னை ஆலாத்தி எடுக்கக் கூப்பிடாமல், புருசனை இழந்தவள் என்று மூன்றாம் வரிசையில் இருத்தினாய். "இனி உன்னோடை கதைச்சால் நான் ஞானாம்பிகை இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். நீயும் "நானும் கதைக்கேல்லை, போங்கோ" என்றாய். இன்றும் நான் கதைக்கவில்லை. எழுதுகிறேன். எழுத்து வேறு, கதை வேறு. உன் படியில் கால் வைக்க மனமில்லாததால் முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். கடிதம் மொன்றியல் முழுக்கச் சுற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு வரட்டும்.

அந்தக் கயிறு எதற்கு? மதிலா? ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வீட்டையும் ஒன்றாக வாங்கிய நாள் முதல் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு தகரம்கூட இருந்ததில்லை. என் முகத்தைப் பார்ப்பது உனக்கு இவ்வளவு அருவருப்பா? கட்டு, தாராளமாகக் கட்டு. ஆனால் ஆனி மாதத்தில் அத்திவாரம் வெட்டுகிற மடையனை இப்போதுதான் பார்க்கிறேன். எல்லை மதில் இரண்டு வீட்டுக்கும் பொது. உன் தோஷம் என் வீட்டுக்குள்ளும் வரும்.

மச்சாளை விசாரித்ததாகச் சொல். அவவோடு எனக்குக் கோபம் இல்லை. உன்னைக் கட்டியதே அவவுக்குப் போதுமான தண்டனை.

இப்படிக்கு,
உன்னோடு கதைக்காத அக்கா,
ஞானாம்பிகை


அஹுன்ட்சிக்
12.07.2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. கடிதத்தில் இருந்த நஞ்சைப் பார்த்தாலே உடம்பு நன்றாக இருப்பது தெரிகிறது.

எதற்கு மதில் என்று கேட்டிருக்கிறீர்கள். வளவு உள்ளவன் மதில் கட்டுவான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பஞ்சாங்கம் உங்களிடம் மட்டும் இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். ஆனியும் ஆடியும் ஆகாது. ஆவணியில் அத்தானின் திவசம் வருகிறது. புரட்டாதியும் கூடாது. ஐப்பசி பதினாறு, வியாழக்கிழமை நல்ல நாள். அன்று கல் வைப்பேன். மேசன் பிடிக்கமாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு போர்த்துக்கீசனோடு கல் சுமந்தவன் நான். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், உள்சுவர்ச் செங்கல் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. அதை ஏற்றி வருவேன். ஆழம் முழங்கால் அளவு காணும், அதற்குக் கீழே தேவையில்லை. மானிப்பாயில் அப்பா அந்த ஆழத்தில் கட்டிய மதில் இன்றும் நிற்கிறது.

உங்கள் மச்சாள் விசாரித்தா.

இரவிச்சந்திரன்


அஹுன்ட்சிக்
10.11.2023

தம்பிக்கு,

நான் சுகம், முழங்கால் வலியைத் தவிர. நீ இருமுவது சுவருக்குள்ளால் எனக்குக் கேட்கிறது. கொத்தமல்லி அவித்துக் குடி. உனக்காகச் சொல்லவில்லை, என் காதுக்காகச் சொல்கிறேன்.

மதிலைப் பார்த்தேன். கல்லுக்குச் சந்தனம் பூசினாய், தேங்காய் உடைத்தாய், கற்பூரம் கொளுத்தினாய். தூக்குக்குண்டு பிடிக்க மட்டும் மறந்துவிட்டாய். வரிசைகள் குடித்தவன் நடந்த மாதிரிப் போகின்றன. உனக்குக் கல் சுமக்கக் கொடுத்த போர்த்துக்கீசன் கெட்டிக்காரன். ஏன் சாந்தகப்பையைத் தரவில்லை என்று இப்போது விளங்குகிறது.

அதைவிடப் பெரிய கூத்து, பொழுதுபட்டதும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாய். நனைப்பு எங்கே? அப்பா மதில் கட்டியபோது காலையும் மாலையும் வாளி வாளியாக நாங்கள் தண்ணீர் ஊற்றியது மறந்துபோச்சா? நனைக்காத சாந்து வெடிக்கும். இதைக்கூட அக்கா எழுதித்தான் உனக்குத் தெரியவேண்டுமென்றால், உனக்கு அறுபத்து மூன்று வயது எதற்கு?

தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்.

ஞானாம்பிகை


அஹுன்ட்சிக்
20.11.2023

அக்காவுக்கு,

இருமல் குறைவு. மல்லி அவித்துக் குடித்தது தற்செயல்.

காலையும் மாலையும் நனைக்கிறேன். வெளிக்குழாயை மாரிக் குளிருக்கு முன்னரே பூட்டிவிட்டதால் குசினியில் இருந்து வாளியில் சுமக்கிறேன். உங்கள் மச்சாள் நிலம் ஈரம் என்று கத்துகிறா. கத்தட்டும். விடியப் பார்த்தால் மதில் பளபளவென்று மினுங்குகிறது. தட்டினால் கணீரென்கிறது. அப்படி இறுகியிருக்கிறது. இனி நீங்கள் சன்னலால் பார்த்துக் குறை பிடிக்க ஒன்றும் இல்லை. வேறு பொழுதுபோக்குத் தேடிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் தனோஜன் கல்கரியில் இருந்து போன் எடுக்கிறானா? கேட்டதாகச் சொல்லுங்கள்.

இரவிச்சந்திரன்


அஹுன்ட்சிக்
02.04.2024

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி என்று நேற்றுவரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் மதில். கணீரென்று கேட்டது சாந்து இல்லை, ஐஸ். மாசியிலேயே செங்கல்லின் முகம் அப்பளம்போலக் கழன்று விழத் தொடங்கியது. வீட்டுக்குள் சூட்டில் சுகமாக இருந்த கல்லை வெளியே கொண்டுவந்து பனியில் நிறுத்தினால் அது என்ன செய்யும்? பங்குனியில் உறைந்த நிலம் பொங்கியபோது மதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை என் கத்தரிப் பாத்தியில் விழுந்தது. அப்பா கட்டிய மதில் நிற்கிறதாம். மானிப்பாயில் நிலம் உறையுமா? நனைக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லிக்காட்டுவாய். சொல்லிக்காட்டு. நான் சொன்னேன் என்று உறைகுளிரில் தண்ணீர் ஊற்றியவனின் புத்தியை ஊர் பார்க்கட்டும்.

இரண்டாவது, உன் வாசலில் நேற்றுக் காலை நாட்டியிருக்கும் பலகை. வீடு விற்பனைக்கு என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. தெருவால் போகிற வருகிறவனோடு சேர்ந்து நின்று நானும் வாசித்து அறிந்துகொண்டேன். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவளுக்கு நீ காட்டிய மரியாதை இது. போவதென்று தீர்மானித்தவன் ஏன் மதில் கட்டினாய்? போகும்போதும் அக்காவை அடைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற பெருந்தன்மையா?

நீ போனால் இந்த வீதியில் என்னோடு சண்டை பிடிக்கக்கூட ஒருவரும் இல்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போகிறாய்.

ஞானாம்பிகை


அஹுன்ட்சிக்
09.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் ஒரு போத்தல் உங்கள் தபால்பெட்டியில் இருக்கிறது. படியில் கால் வைக்கவில்லை, எட்டிப் போட்டேன்.

பலகை உண்மைதான். தனுஷாவுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கும். ஏஜாக்ஸில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தை எங்களுக்கென்று திருத்தி வைத்திருக்கிறாள். எங்களை வந்து தங்களோடு இருக்கச்சொல்லிப் போன வருடமே கேட்டாள். உங்கள் மச்சாள் அன்றே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டா. நான்தான் மதில் முடியட்டும் என்று இழுத்தேன்.

உங்களை மறைக்க எனக்கு மதில் எதற்கு? ஒரு திரைச்சீலை காணும். கொஞ்சமாவது யோசித்து எழுதக்கூடாதா? இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. கடிநாய் வளர்க்கிறவன் வரலாம், குடித்துவிட்டுக் கத்துகிறவன் வரலாம். நீங்களோ தனிய இருக்கிறீர்கள். தனோஜன் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டிக்கொண்டே "அம்மா சுகமோ" என்பதோடு சரி. உங்கள் பின்வளவு திறந்து கிடந்தால் எனக்கு ஏஜாக்ஸில் கண் மூடாது. அதற்குத்தான் மதில். இதையும் கலியாண வீட்டோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தால் அது உங்கள் பழக்கம்.

கோடைக்குள் வீடு கைமாறும் என்கிறார்கள். அதற்கு முதல் திரும்பக் கட்டவேண்டும். ஆனால் ஆனியும் ஆடியும் குறுக்கே நிற்கின்றன. என்ன செய்வது?

தம்பி,
இரவி


அஹுன்ட்சிக்
03.06.2024

தம்பிக்கு,

சுகம். எண்ணெய் நாறுகிறது, ஆனால் வலிக்குக் கேட்கிறது. பதில் போடப் பிந்தியதற்குக் காரணம் எதுவும் இல்லை. எழுத இருந்தால் எழுத்து வரவில்லை, அவ்வளவுதான்.

பஸ் எடுத்து, செங்கல் விற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற பெடியன் என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்தான். நான் அவன் தலைமயிரைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு ஒழுங்காகப் பதில் சொன்னான். இனி நான் எழுதுவதைக் கவனமாக வாசி. உன்னை நம்பி விட்டால் இன்னொரு கத்தரிப் பாத்தி போய்விடும்.

இங்கே நிலம் நெஞ்சளவு ஆழத்துக்கு உறையுமாம். அதற்கும் கீழே போய் அத்திவாரம் போடு. அடியில் சல்லிக்கல் நிரப்பு, தண்ணீர் வடிந்து போகட்டும். பழைய கல்லைத் தொடாதே. பனியைத் தாங்கவென்று சுட்ட புதுக் கல் எடு. சாந்துக்குச் சீமெந்தை அள்ளிக் கொட்டாதே, சுண்ணாம்பும் சேர். கல்லைவிடச் சாந்து கடினமாக இருந்தால் கல்தான் வெடிக்குமாம். மதிலின் தலையில் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற மூடுகல் வேண்டும், தண்ணீர் மதிலில் வழியாமல் சொட்டிப் போக. நனைப்பு என்ற சொல்லையே மறந்துவிடு. ஈரத்துணி போட்டு மூடினால் காணும்.

ஆடியில் தொடங்கு. ஓம், ஆடியில்தான். பஞ்சாங்கம் எழுதினவன் இந்த ஊரில் ஒரு மாரிக்கும் இருந்து பார்த்தவனில்லை. தோஷம் வந்தால் என் வீட்டுக்கு வரட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மச்சாளுக்குப் பெட்டி கட்டக் கயிறு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது.

ஞானாம்பிகை


அஹுன்ட்சிக்
25.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். குனிந்து குனிந்து நாரிதான் முறிகிறது.

அத்திவாரக் கிடங்கு வெட்ட மெசின் கொண்டுவந்தேன். நான் உள்ளே இறங்கி நின்றபோது நெஞ்சுக்கு மேலே மட்டும் வெளியே தெரிந்தது. அதைச் சன்னலால் பார்த்துத் தலையாட்டினீர்கள். சரி என்றா, காணாது என்றா என்று விளங்காமல் இன்னும் ஒரு சாண் வெட்டினேன். தயவுசெய்து சன்னலில் நின்று கை காட்டுவதை நிறுத்துங்கள். இடதுபக்கம் சரிகிறது என்று காட்டினீர்கள். குண்டு பிடித்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது. சரிந்திருப்பது உங்கள் சன்னல்.

மதில் விளிம்பில் தினமும் வைக்கும் தேத்தண்ணியில் சீனி கூட. எனக்குச் சீனி வருத்தம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆளை முடிக்கிற எண்ணம் இருந்தால் நேராக எழுதலாம்.

வீட்டை ஹெயிட்டிக்காரன் ஒருவன் வாங்கியிருக்கிறான். பெயர் ஹென்றி. துறைமுகத்தில் இருந்து லொறி ஓட்டுகிறவன், இரண்டு சின்னப் பிள்ளைகள். நாய் இல்லை, கேட்டேன். உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பயந்துதான் போனான். பயம் நல்லது.

இரவி


அஹுன்ட்சிக்
19.08.2024

தம்பிக்கு,

சுகம். தனுஷாவுக்குச் சுகப்பிரசவம் என்று மச்சாள் வாசலில் நின்று சொன்னா. பெண்பிள்ளையாம். உன் மூக்கு வராமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

மதில் பரவாயில்லை. இதற்கு மேல் எதிர்பார்க்காதே. வரிசைகள் நேராக இருக்கின்றன என்றால் அதற்குக் காரணம் யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று வரிசை இருக்கும்போது உன் சாரம் தெரிந்தது. பிறகு பெனியன் தெரிந்தது. போன கிழமை மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது. இன்று மூடுகல் வைத்தாய். தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் கதிரையில் ஏறினேன், அப்போதும் நீ தெரியவில்லை. சாந்தகப்பை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல வேலைதான் செய்திருக்கிறாய். எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை நீங்கள் போகும்போது நான் கோயிலுக்குப் போயிருப்பேன். தேடவேண்டாம்.

ஞானாம்பிகை


ஏஜாக்ஸ், ஒன்ராறியோ
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை நீங்கள் கோயிலுக்குப் போகவில்லை. மேல்மாடித் திரைச்சீலை ஆடியது. நானும் காணாத மாதிரித்தான் காரில் ஏறினேன்.

பிள்ளைக்கு என் மூக்குத்தான். உங்கள் நேர்த்தியைப் பிள்ளையார் கணக்கில் எடுக்கவில்லை.

மாரியில் கவனிக்கவேண்டியவை. நடைபாதைக்குப் போடும் உப்பை மதிலடியில் கொட்டவேண்டாம், உப்பு கல்லைத் தின்னும். பனியைக் கிண்டி மதிலில் சாய்க்கவேண்டாம். அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைக் குப்பை அடைக்காமல் பார்க்கவும். மற்றபடி அதை மறந்துவிடலாம். நெஞ்சளவுக்கும் கீழே அத்திவாரம், பனிக்குச் சுட்ட கல், ஆடி வெயிலில் இறுகிய சாந்து. அந்த மதில் அசையவே அசையாது. வெடித்தால் என் பெயரை மாற்றிக் கூப்பிடுங்கள்.

இங்கே கீழ்த்தளத்தில் ஒரு சன்னல். அதால் பார்த்தால் காரின் சில்லு உருள்வது தெரிகிறது. பார்த்துத் தலையாட்டவும் ஆளில்லை.

இரவி


அஹுன்ட்சிக்
14.04.2025

தம்பிக்கு,

நான் சுகம். புதுவருடப் பலகாரம் சுட்டேன், தின்ன ஆளில்லாமல் ஹென்றியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மாரி முழுக்க நான் எழுதவில்லை. தபால்காரர் வேலைநிறுத்தம் என்று சொல்லலாம், ஆனால் அது மார்கழியிலேயே முடிந்துவிட்டது. எனவே அதைச் சொல்லமாட்டேன்.

உன் மதில் வெடித்துவிட்டது. பெரிய வெடிப்பு. நட்ட நடுவில், மேலிருந்து கீழாக, என் கை நுழையும். அசையவே அசையாது என்று எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்தேன். இன்னொரு மாரிக்குத் தாங்காது. அரைகுறை வேலை செய்துவிட்டு ஏஜாக்ஸில் போய் ஒளித்துக்கொள்வதற்குப் பெயர் என்ன? கட்டினவன்தான் வந்து திருத்தவேண்டும். வேறு மேசனை என் வளவுக்குள் விடமாட்டேன்.

எப்போது வருகிறாய் என்று உடனே எழுது. நீ வரவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசையும் இல்லை. மதிலுக்காகச் சொல்கிறேன்.

ஞானாம்பிகை


ஏஜாக்ஸ்
22.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பிள்ளை தவழ்கிறாள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஹென்றிக்குப் போன் எடுத்தேன். அவன் வேலையால் வந்த உடுப்போடு தன் பக்கத்தை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, ஏணி வைத்து உங்கள் பக்கத்தையும் மேலிருந்து கீழாகப் படம் எடுத்து அனுப்பினான். தனுஷாவின் பெரிய திரையில் போட்டு உங்கள் மச்சாளும் நானும் பார்த்தோம். ஒரு மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. கல் கடையில் இருந்து இறக்கிய மாதிரி இருக்கிறது. ஒரு மூலையில் நீங்களும் படத்தில் விழுந்திருக்கிறீர்கள், கதிரையில் இருந்து மதிலைப் பார்த்துக்கொண்டு. மெலிந்துபோய் இருக்கிறீர்கள்.

ஹென்றிக்கு என்ன தெரியும்? லொறி ஓட்டுகிறவன். படத்தையும் நம்பக்கூடாது. நீங்கள் வெடிப்பு என்றால் அது வெடிப்புத்தான். நான் கட்டியது ஒழுங்கில்லை. திருத்தக் கோடை முழுக்கத் தேவைப்படும். சித்திரை முடிய முன்னம் வருகிறேன், தனியத்தான். முன் அறையைக் கூட்டி வையுங்கள்.

வந்து கதவைத் தட்டுவேன். "ஆரது?" என்று நீங்கள் கேட்கவேண்டும். முதலில் வாய் திறப்பதென்றால் மூத்தவர்தான் திறக்கவேண்டும். நீங்கள் கேட்டால் நான் கதைப்பேன்.

உங்கள் தம்பி,
இரவி